அப்பாவுக்குத் தெரியாமல் அவரை ஆய்வில் சேர்க்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. மாசி மாதம் பெருங்குடலில் கட்டி என்று ஆபரேஷன் நடந்தது. இப்போது ஸ்கேனில் கல்லீரலில் இரண்டு இடத்தில் பரவியிருக்கிறது என்கிறார்கள். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் அடுத்த வாரம் கீமோ ஆரம்பிக்க வேண்டும். அங்கே நடக்கும் ஒரு மருத்துவ ஆய்வில் அப்பாவைச் சேர்க்கலாம் என்று படிவம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கீமோ, இன்னொரு குழுவுக்கு அதோடு புது மருந்தும். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யுமாம். அப்பாவுக்கு இது புற்றுநோய் என்றே தெரியாது. "கட்டி, எடுத்தாச்சு" என்றுதான் சொல்லியிருக்கிறோம். அவருக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போடலாமா? சித்தப்பா "உங்கப்பன சோதனை எலி ஆக்கப் போறீங்களா" என்று சண்டை போடுகிறார். படிவத்தில் நாமினி பெயரும் வருட வருமானமும் கேட்டிருப்பதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார். பக்கத்து வீட்டில் கீழாநெல்லிச் சாறு கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு 36 வயது, அண்ணனுக்கு 41. எங்களுக்கும் வருமா?
– வாசகி, நெல்லிக்குப்பம், கடலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கையெழுத்து விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போடக்கூடாது. அப்பா தெளிவாக இருக்கிறார், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்றால், அவருக்குப் பதிலாக மகளோ மனைவியோ சம்மதம் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. நினைவில்லாமல் இருப்பவர், சொந்தமாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவர் என்றால்தான் குடும்பத்தார் கையெழுத்து செல்லும். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் சம்மதம் அவருடையதுதான். படிவம் முழுவதையும் அவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கடைசிவரை கூட இருக்க வேண்டும். அவர் கைநாட்டு வைத்த பிறகு அந்தச் சாட்சியும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆகவே, ஆய்வில் சேர்வதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன்னால், அப்பாவிடம் சொல்வதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் இது ஒரே ஒரு வரியாகத்தான் வருகிறது. எனக்கு என்னவோ அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

"சொன்னா உடைஞ்சு போயிடுவார்" என்ற பயம் எனக்குப் புரிகிறது. புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் எங்களுக்கு இது தினமும் காதில் விழுகிற பேச்சு. குடும்பத்தில் ஒருவர் முன்னாலேயே உள்ளே வந்து, "டாக்டர், அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொள்வார். அன்பினால் செய்வதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதே நேரத்தில் நோயாளி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். தலைக்கு மேலே 'புற்றுநோய்ப் பிரிவு' என்று பலகை. எதிர் பெஞ்சில் முடி கொட்டிப்போய் துண்டைத் தலையில் கட்டிய ஒருவர். பக்கத்தில் இருப்பவர், "உங்களுக்கு இது எத்தனாவது கீமோ?" என்று சகஜமாகக் கேட்கிறார். 58 வயது மனிதருக்கு இதில் ஒன்றுகூடப் புரியாமல் இருக்குமா? பாதி தெரிந்திருக்கும். அந்தப் பாதியை யாரிடம் கேட்டுத் தெளிவது என்று தெரியாமல், உங்கள் மனம் நோகக்கூடாதே என்று அவரும் வாயை மூடிக்கொண்டிருப்பார்.

பண்ருட்டிப் பக்கம் ஒரு விவசாயி. அவர் வீட்டிலும் மறைத்துத்தான் வைத்திருந்தார்கள். ஒருவழியாக மனைவி சம்மதித்து நான் அவரிடம் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி முந்திரித் தோப்பைப் பற்றி. இந்த வருஷம் குத்தகைக்கு விட்டுவிடவா, நானே பார்த்துக்கொள்ள முடியுமா என்றார். அடுத்தது பேங்கில் இருந்த நகைக் கடன். எத்தனை நாள் இருப்பேன் என்பதை மூன்றாவதாகத்தான் கேட்டார், அதுவும் மனைவி மாத்திரை வாங்க வெளியே போன பிறகு. ஒரு மனிதருக்கு வாழ்க்கையில் முடிக்க வேண்டிய காரியங்கள் எவ்வளவோ இருக்கும். விஷயத்தை மறைத்தால், நோயோடு சேர்த்து அந்தக் காரியங்களையும் அவர் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறோம்.

எப்படிச் சொல்வது? வீட்டில் நீங்களாக உட்கார வைத்துச் சொல்ல வேண்டாம். மருத்துவரைத் தனியாகப் பார்த்து, "அப்பாவுக்கு இன்னும் சொல்லல, நீங்க சொல்லணும், நாங்க கூட இருக்கோம்" என்று கேளுங்கள். புறநோயாளி வரிசை நீண்டிருக்கும் நேரத்தில் வேண்டாம். மதியத்துக்கு மேல் கூட்டம் குறைந்த பிறகு நேரம் வாங்குங்கள். நல்ல மருத்துவர் எடுத்ததுமே நோயின் பெயரைச் சொல்ல மாட்டார். "உங்களுக்கு என்ன உடம்புன்னு நினைக்கிறீங்க?" என்று முதலில் அப்பாவிடம் கேட்பார். பல பேர் அந்தக் கேள்விக்கே சரியான பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். அப்புறம், எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று கேட்பார். "எல்லாத்தையும் என் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க, எனக்கு வேணாம்" என்று அப்பாவே சொன்னால், அது அவர் எடுத்த முடிவு, அதை மதிக்கலாம். ஆனால் என்ன நோய், என்ன மருந்து, என்ன அபாயம் என்று கேட்டுக்கொள்ளாமல் அவர் ஆய்வில் சேர முடியாது. அப்படிப்பட்டவருக்கு வழக்கமான சிகிச்சையே போதும்.

சரி, நோய்க்கு வருகிறேன். கல்லீரலில் பரவியிருக்கிறது என்றதும் உறவுக்காரர்கள் 'கல்லீரல் புற்றுநோய்' என்று இணையத்தில் தேடிப் பார்த்துப் பயமுறுத்துவார்கள். அப்பாவுக்கு வந்திருப்பது அது இல்லை. குடலிலிருந்து வரும் ரத்தம் முழுவதும் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அதனால்தான் பெருங்குடல் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் அங்கே போய்த் தங்குகிறது. தங்கின இடம் கல்லீரலாக இருந்தாலும் செல் குடலுடையதுதான், மருந்தும் குடல் புற்றுநோய்க்கு உள்ள மருந்துதான். கல்லீரலிலேயே பிறக்கும் புற்றுநோய் வேறு. ஹெபடைட்டிஸ் பி அல்லது சி கிருமி, மது, கொழுப்புக் கல்லீரல் போன்றவற்றால் வருடக்கணக்கில் கெட்டுப்போன கல்லீரலில் பெரும்பாலும் வருவது அது. அதற்கு 2008-ல் சோராஃபெனிப் என்ற மருந்து, 2020-ல் அட்டெசோலிசுமாப்–பெவாசிசுமாப் கூட்டு மருந்து என்று ஆய்வுகள் தனி வழியில் போயிருக்கின்றன. அவற்றைப் படித்து அப்பாவின் கணக்கைப் போடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். கல்லீரல் அறுவை செய்யும் மருத்துவர் யாராவது அந்த ஸ்கேனைப் பார்த்தாரா? ஆய்வைவிட இது முக்கியம். அப்பாவைப் போல வேறு உறுப்புக்குப் பரவிய நாலாம் நிலை என்றாலே கதை முடிந்தது என்பது இந்த ஒரு நோயில் எல்லோருக்கும் பொருந்தாது. கல்லீரலில் ஒன்றிரண்டு கட்டிகள் மட்டும் இருந்து, வேறெங்கும் பரவாமல், வெட்டி எடுக்கத் தோதான இடத்திலும் இருந்தால், அறுவை செய்ய முடியும். ஆரோக்கியமான கல்லீரலில் கால் பங்குக்குச் சற்று மேல் மிஞ்சினால் போதும், மீதி வளர்ந்துவிடும். கீமோ வாங்கிய கல்லீரல் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக மிச்சம் வைப்பார்கள். இப்படிக் கவனமாகத் தேர்ந்தெடுத்து அறுவை செய்தவர்களில் ஏறக்குறைய பத்துக்கு நாலு பேர் ஐந்து வருடங்களைத் தாண்டுகிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்பவும் தலைகாட்டுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும், மருந்தை மட்டும் நம்பியிருப்பதோடு ஒப்பிட்டால் இது பெரிய வாய்ப்பு.

ஆகவே அறுவை மருத்துவர், கீமோ மருத்துவர், ஸ்கேன் மருத்துவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் ட்யூமர் போர்டில் அப்பாவின் ஸ்கேன் வைக்கப்பட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வைக்கச் சொல்லுங்கள். புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையமும் குடல்–கல்லீரல் அறுவைக்குத் தனித் துறையும் இருக்கின்றன. நீங்கள் வேறு இடத்தில் பார்த்தாலும் இரண்டாவது அபிப்பிராயம் கேட்பதில் தப்பே இல்லை, எந்த மருத்துவரும் அதற்குக் கோபப்படக்கூடாது. ஆய்வில் சேர்ந்தால் அறுவை தள்ளிப்போகுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கீமோ நிறைய சுற்று போனால் கல்லீரலே பாதிக்கப்படும். சில கட்டிகள் ஸ்கேனில் மறைந்துபோகும். மறைந்த இடத்தில் பல நேரம் செல்கள் மிச்சம் இருக்கும், அறுவை செய்பவருக்கு இடம்தான் தெரியாமல் போகும். அதனால் எத்தனை சுற்றுக்குப் பிறகு மறுபடி ஸ்கேன், எப்போது அறுவை முடிவு என்பது இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

மாசியில் எடுத்த கட்டியின் பயாப்சி ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். செல்லின் டி.என்.ஏ.வில் வரும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று பார்க்கும் எம்.எம்.ஆர். சோதனை செய்திருக்கிறார்களா? எந்த மருந்து பொருந்தும் என்று முடிவெடுக்க உதவும் ராஸ், பிராஃப் மரபணு சோதனைகள்? 2022-ல் நியூயார்க்கில் டோஸ்டார்லிமாப் என்ற மருந்து கொடுத்த அத்தனை பேருக்கும் புற்றுநோய் மறைந்தது என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி ஞாபகம் இருக்கலாம். செய்தி உண்மைதான். ஆனால் முதலில் வெளியான முடிவு 12 பேருடையது. அவர்களுக்கு இருந்தது மலக்குடல் புற்றுநோய், வேறு உறுப்புக்குப் பரவாதது, அதிலும் எம்.எம்.ஆர். குறைபாடு உள்ள வகை. அப்பாவைப் போலப் பரவிய நிலையில் இருப்பவர்களில் நூற்றுக்கு நாலைந்து பேருக்குத்தான் அந்தக் குறைபாடு இருக்கும். அந்த நாலைந்து பேருக்கு வழக்கமான கீமோவைவிட பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து நோயை அதிக காலம் கட்டுப்படுத்தியது என்று 2020-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அதனால் இந்தச் சோதனை முடிவு தெரியாமல் கீமோவையும் ஆரம்பிக்கக்கூடாது, ஆய்விலும் சேரக்கூடாது என்பது என் கருத்து. ஒரு வாரம் தாமதமாவதால் நோய் முற்றிவிடாது.

இனி சித்தப்பாவின் கோபம். அதில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டில் ஏழைகளுக்குச் சரியாக விளக்காமல் ஆய்வுகள் நடந்து, அது உச்ச நீதிமன்றம் வரை போனது. அதற்குப் பிறகுதான் விதிகள் இறுகின. ஆய்வினால் பாதிப்பு வந்தால் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2013 ஜனவரியில் வந்தது. 2019 மார்ச்சில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகளுக்கான முழு விதித் தொகுப்பு வந்தது. அதன்படி, ஆய்வில் இருப்பவருக்குப் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சை கொடுக்க வேண்டும். ஆய்வுதான் காரணம் என்று தெரிந்தால் இழப்பீடும் தர வேண்டும். ஒவ்வொரு ஆய்வையும் ஒரு நெறிமுறைக் குழு பார்த்து அனுமதிக்க வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர். பாதிப் பேர் அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்த ஒருவரும், மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாதாரணக் குடிமகனும் அதில் உண்டு. சித்தப்பாவைப் போலக் கேள்வி கேட்பதற்காகவே அந்தக் கடைசி நாற்காலி போடப்பட்டிருக்கிறது.

அம்மாவை அழவைத்த அந்தப் பக்கத்தைப் பற்றி. நாமினி பெயர், உறவு, தொழில், வருட வருமானம் எல்லாம் எழுதச் சொல்லும் கட்டங்கள் அரசு விதியிலேயே உள்ள படிவத்தில் இருப்பவை. எல்லா மருத்துவமனையிலும் அதேதான். ஒருவேளை ஆய்வினால் உயிருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்று எழுதி வைப்பதற்கு நாமினி. அப்பா போய்விடுவார் என்று யாரும் எதிர்பார்த்து எழுதச் சொல்லவில்லை என்று அம்மாவிடம் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். உள்ளபடி சொன்னால், அந்தக் கட்டங்கள் இல்லாத படிவத்தைப் பார்த்துத்தான் நான் கவலைப்படுவேன்.

படிவத்தின் முதல் பக்கத்தில் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கி வருடம், மாதம், அப்புறம் ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண் அது. 2009 ஜூன் 15 முதல் நோயாளிகளைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே ஆய்வைப் பதிவு செய்ய வேண்டும் என்பது கட்டாயம். அந்த எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் பதிவேட்டின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். எந்தெந்த மருத்துவமனையில் நடக்கிறது, எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், எதோடு எதை ஒப்பிடுகிறார்கள், நெறிமுறைக் குழு அனுமதி கிடைத்ததா என்று எல்லாம் அதில் இருக்கும். ஆங்கிலத்தில் இருக்கும், அண்ணனை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். சித்தப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய் ஆய்வு என்றதும் "வெறும் மாவு மாத்திரை கொடுத்து ஏமாத்துவாங்க" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பலன் தெரிந்த சிகிச்சை இருக்கும்போது அதை நிறுத்திவிட்டு வெறும் மாத்திரை மட்டும் கொடுக்க எந்த நெறிமுறைக் குழுவும் சம்மதிக்காது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், எந்தக் குழுவில் விழுந்தாலும் அப்பாவுக்கு வழக்கமான கீமோ உண்டு. ஒரு குழுவுக்கு அதற்கு மேல் ஒன்று சேர்கிறது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஆய்வைப் பயப்படாமல் பரிசீலிக்கலாம். ஒரு மருந்து மனித உடம்பில் எவ்வளவு தாங்கும் என்று அளவு பார்க்கும் முதல் கட்ட ஆய்வாக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். எந்தக் கட்டம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதே சமயம், புது மருந்துக் குழுவில் விழுந்தால் அதிர்ஷ்டம், விழாவிட்டால் நஷ்டம் என்றும் நினைக்க வேண்டாம். எது மேல் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஆய்வே தேவையில்லை, எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போகலாம். ஜப்பானில் நடந்த ஒரு ஆய்வு நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது. குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டியை அறுவை செய்து எடுத்த 300 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் பின்னால் கீமோ கொடுத்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. கீமோ வாங்கியவர்களில் ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 50 பேர், வாங்காதவர்களில் 39 பேர். கீமோ ஜெயித்துவிட்டது என்றுதானே தோன்றும்? ஆனால் ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் கீமோ குழுவில் 71 பேர், அறுவை மட்டும் செய்துகொண்ட குழுவில் 83 பேர். நோய் திரும்புவது குறைந்தது, ஆயுள் கூடவில்லை. ஆய்வு நடக்காமல் இருந்தால், "கூடுதலாக் கொடுத்தா நல்லதுதானே" என்று எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே இருப்போம்.

மருந்தைக் குறைப்பதற்கும் ஆய்வு நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து விரல் நுனி நரம்புகளைப் பாதிக்கும். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திணறுபவர்களையும், நடக்கும்போது செருப்பு கழன்று போனது தெரியாமல் போகிறவர்களையும் நான் பார்க்கிறேன். நிணநீர் முடிச்சுகள்வரை மட்டும் பரவிய மூன்றாம் நிலையில் ஆறு மாதம் இந்த மருந்தைக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. மூன்று மாதம் போதாதா என்று பார்க்க ஆறு ஆய்வுகளைச் சேர்த்து 12,800-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை அலசினார்கள். 2018-ல் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் இரண்டும் சமம் என்று நிரூபிக்க முடியவில்லை. ஆனால் ஆபத்து குறைந்த பிரிவினருக்கு, ஆக்ஸாலிபிளாட்டினோடு கேப்சிடாபின் மாத்திரை சேர்ந்த முறையில் மூன்று மாதமே போதும் என்று தெரிந்தது. நரம்புப் பாதிப்பும் வெகுவாகக் குறைந்தது. இன்று கடலூரில் ஒருவர் பாதி மருந்தோடு தப்பித்து வீட்டுக்குப் போகிறார் என்றால், எங்கோ முகம் தெரியாத அத்தனை பேர் ஆய்வில் சேரச் சம்மதித்ததால்தான். அப்பாவின் நிலை வேறு, இந்தக் கணக்கு அவருக்குப் பொருந்தாது. ஆனால் சித்தப்பாவிடம் சொல்ல இது உதவும்.

வீட்டு நடைமுறைக்கு வருவோம். ஆய்வில் சேர்ந்தால் எத்தனை தடவை கூடுதலாகப் புதுச்சேரி வர வேண்டும், யார் கூட வருவது, பஸ் செலவு கொடுப்பார்களா, ஆய்வுக்கென்று எடுக்கும் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இலவசமா, வழக்கமான கீமோவுக்கு உங்கள் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு மருந்துக்கு உங்களிடம் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் கட்டினால் சேர்த்துக்கொள்கிறோம் என்பது வியாபாரம். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க விடாமல் அவசரப்படுத்தினாலும் சேர வேண்டாம். தமிழ்ப் படிவம் கேளுங்கள். கையெழுத்தான பிறகு அதன் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல்கூட, அப்பா ஆய்விலிருந்து விலகலாம், வழக்கமான சிகிச்சை அதே இடத்தில் தொடரும். மாத்திரை உண்டென்றால் காலி அட்டைகளைத் தூக்கிப் போட வேண்டாம், எண்ணிப் பார்க்கத் திருப்பிக் கேட்பார்கள். தினமும் என்ன சாப்பிட்டார், என்ன உபத்திரவம் என்று எழுத ஒரு நோட்டும் தருவார்கள். அதை நீங்களே எழுதிக்கொடுங்கள், ஆனால் கேட்டு எழுதுங்கள், ஊகித்து எழுத வேண்டாம்.

ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் இன்னொன்று. ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றினால் அடுத்த சில நாட்களுக்குக் குளிர்ச்சி ஆகாது. ஃபிரிட்ஜ் தண்ணீரைக் குடித்தால் தொண்டையை இறுக்கிப் பிடித்த மாதிரி இருக்கும், பாட்டிலைத் தொட்டாலே விரல் சுரீரென்று இழுக்கும். சித்திரை வெயிலில் கடலூரில் யாருக்குத்தான் சில்லென்று குடிக்கத் தோன்றாது! வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்து, அந்த நாட்களில் சாதாரணத் தண்ணீரையே கொடுங்கள். வயிற்றுப்போக்கு நிற்காமல் போனாலும், காய்ச்சல் வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள்.

கீழாநெல்லி. இதை நான் லேசாக ஒதுக்கவில்லை, ஏனென்றால் இதற்குப் பின்னால் நம் ஊர் ஆராய்ச்சிக் கதை ஒன்று உண்டு. 1988-ல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜனும் அவரோடு இருந்தவர்களும், ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க்கோடு சேர்ந்து, லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அந்தக் கிருமி ரத்தத்தில் தங்கிவிட்டவர்களுக்கு ஒரு மாதம் கீழாநெல்லி கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை வாங்கிய 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. ஒரு நல்ல முடிவு வந்ததும் நிறுத்திக்கொள்ளாமல், இன்னொரு இடத்திலும் அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான். அதுவும் கிருமிக்குச் செய்த ஆய்வு. குடலிலிருந்து பரவிய புற்றுநோய்க்கு அதனால் பலன் என்று யாரும் காட்டவில்லை.

அப்பாவுக்கு இப்போது கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். கீமோ நடக்கும்போது கல்லீரல் என்சைம் ஏறினால் மருந்தினாலா, சாற்றினாலா, நோயினாலா என்று கண்டுபிடிக்க முடியாமல் கீமோவையே நிறுத்தி வைக்க நேரும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. பக்கத்து வீட்டம்மாவை நோகடிக்காமல், "டாக்டர் கீமோ முடியட்டும்னு சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டால் போயிற்று.

கடைசியாக, உங்களுக்கும் அண்ணனுக்கும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்தான், ஆனால் கண்டிப்பாக வரும் என்று இல்லை. 40 வயது, அல்லது அப்பாவுக்கு நோய் வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பு, இரண்டில் எது முந்தி வருகிறதோ அப்போது கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்துகொள்ள வேண்டும். அண்ணனுக்கு 41 என்பதால் அவர் இந்த மாதமே பதிவு செய்துகொள்ளலாம். முதல் நாள் பேதி மருந்து குடித்து வயிற்றைச் சுத்தம் செய்வதுதான் கஷ்டம், மற்றபடி அரை நாள் வேலை. புற்றாக மாறக்கூடிய சின்னச் சதை வளர்ச்சி இருந்தால் அப்போதே எடுத்தும் விடுவார்கள். உங்களுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. ஆனால் அப்பாவின் எம்.எம்.ஆர். சோதனையில் குறைபாடு என்று வந்தால், அது குடல் புற்றுநோய் வாய்ப்பை அதிகமாக்கும், குடும்பத்தில் இறங்கும் லின்ச் சிண்ட்ரோம் என்ற மரபணுக் குறைபாடா என்று மரபணு ஆலோசகரைப் பார்த்துத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அப்படி இருந்தால் நீங்கள் காத்திருக்க வேண்டாம், அண்ணனோடு சேர்ந்தே பதிவு செய்துவிடுங்கள்.